தார்ப்பாயை ஆள் என்று சொன்ன கேமரா

நான் கேமரா வாங்கியது தூங்குவதற்காக. திருடனைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. பிடித்து என்ன செய்வது? சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் சொந்தக்காரன்.

எங்கள் வீடு பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி நடக்கிற தூரத்தில், காட்டுக்குள் தனியாக நிற்கிறது. நாங்கள் நிலத்தையே காடு என்றுதான் சொல்வோம். சின்ன வெங்காயம் போடுகிறோம். மாசியில் பிடுங்கியதை எல்லாம் விற்றுவிட மாட்டோம். ஆடியில் ஊன்றுவதற்கு வேண்டிய விதை வெங்காயத்தைத் தாளோடு அப்படியே பட்டறை போட்டு வைப்போம். தரையில் கல் அடுக்கி, அதன்மேல் மூங்கில் பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே சோளத்தட்டை போட்டு மூடினால் அதுதான் பட்டறை. அடியிலும் பக்கத்திலும் காற்று போய்வர வேண்டும். மழை வந்தால் தார்ப்பாய் போட வேண்டும். விடிந்ததும் தார்ப்பாயைத் தூக்கிவிட வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு நாள்கூட மறக்கக் கூடாத வேலை.

அந்த விதை போனால் அந்த வருஷம் போச்சு. வெளியில் வாங்கி ஊன்றலாம் என்பார்கள். விலை ஏறுகிற வருஷத்தில் விதை வெங்காயம் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

முன்பெல்லாம் பட்டறைக்குக் காவல் என் வீட்டுக்காரர்தான். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வார். குறட்டைச் சத்தத்துக்கே எவனும் கிட்ட வரமாட்டான். போன வருஷம் டிராக்டர் டிப்பரில் இருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. திருச்சிக்குப் போய் ஆபரேஷன் பண்ணி வந்தோம். கயிற்றுக் கட்டில் ஆகாது, பனி ஆகாது, குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரிக்கு இந்த நான்கும் இல்லாமல் என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லவில்லை.

இந்தப் பங்குனியில் பக்கத்துக் காட்டில் என் கொழுந்தன் பட்டறையில் கை வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு அவன் சித்தப்பா மகன். ஒரு பக்கத் தட்டியைப் பிரித்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, திரும்ப அழகாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் வந்தவன். கொழுந்தன் அதைச் சொல்லும்போது, "முடிச்சு என்னைய விட நல்லா போட்டிருக்கான் அண்ணி" என்றான். விவசாயம் தெரிந்தவன்தான் திருடியிருக்கிறான். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

அன்றிலிருந்து கயிற்றுக் கட்டிலில் நான். பகலில் மாடு, களை, சமையல், வீட்டுக்காரரைக் குளிக்க வைப்பது. ராத்திரி நாய், டார்ச், தடி. தூக்கம் எப்போது? பால் கறக்கும்போது மாட்டு வயிற்றில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். மாடு பாவம், அசையாமல் நின்றது. பெரம்பலூர் பஸ்ஸில் தூங்கி, புது பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கேயோ இறங்கியிருக்கிறேன். யாராவது நல்லவிதமாகப் பேசினால்கூட அடிக்கலாம் போலிருந்தது.

அரியலூரில் என் தம்பி இருக்கிறான். சிமெண்ட் கம்பெனியில் காண்டிராக்டில் வெல்டிங் வேலை. போனில் அவனிடம்தான் முதலில் கேட்டேன்.

"நாலு கேமரா போட்ருவோம்க்கா. பெட்டி ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்கு ஒண்ணு, ஒயரு..."

"டேய், நான் வெங்காயத்துக்குக் கேக்குறேன். நகைக்கடைக்குக் கேக்கல."

"இன்னைக்கு வெங்காயம் விக்கிற வெலைக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"வேலைய பாருடா" என்று போனை வைத்துவிட்டேன். பிறகு நானே யோசித்தேன்.

குச்சியை எடுத்து வாசல் மண்ணில் கோடு போட்டேன். இங்கே வீடு. இங்கே மோட்டார் கொட்டாய். இங்கே பட்டறை. இங்கே வண்டிப்பாதை. வருகிறவன் பாதை வழியாகத்தான் வருவான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானா? கிழக்கே கருவேலங்காடு வழியாகவும் வரலாம். ஒரே கேமரா பட்டறையின் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றால் மூலைக்கு எதிரே உயரத்தில் இருக்க வேண்டும். மோட்டார் கொட்டாய்ப் பக்கத்துக் கல்தூண் சரியாக இருந்தது. தென்னை மரம் இன்னும் உயரம், ஆனால் காற்றில் ஆடும். ஆடினால் படமும் ஆடும். வேண்டாம்.

அடுத்து கரண்ட். மோட்டார் லைனில் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டிலிருந்து ஒயர் இழுத்தால் எலி கடிக்கும், இல்லாவிட்டால் மாடு இழுக்கும். சோலார் தகடு வைத்த கேமரா இருக்கிறது என்று போனில் பார்த்தேன். சித்திரை வெயில் எங்கள் ஊரில் தாராளம். ஒருத்தனிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. சரி, சோலார்.

அடுத்து நெட். சிம் போடுகிற கேமராதான் வேண்டும், வீட்டில் வேறு நெட் கிடையாது. எந்தக் கம்பெனி சிம் அந்தத் தூண்கிட்ட எடுக்கும்? என் போனை ஒரு கையிலும் வீட்டுக்காரர் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு காடு முழுக்க நடந்தேன். கொழுந்தன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, தண்ணி பாக்குறீங்களா? தேங்காய வச்சுப் பாருங்க" என்றான். என் சிம் தூண் பக்கத்தில் செத்துப் போயிருந்தது. வீட்டுக்காரர் சிம்மில் இரண்டு புள்ளி காட்டியது. தூணின் உச்சிக்கு நேராகக் கையைத் தூக்கினால் மூன்று. அவர் சிம் கம்பெனியிலேயே இன்னொன்று வாங்குவது என்று முடிவானது.

பெரம்பலூரில் கேமராக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "சார் வரலையாம்மா?" என்றார்.

"சார் படுத்திருக்காரு. எங்கிட்டச் சொல்லுங்க."

"இல்ல, கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும்..."

"மழ பட்டா தாங்குமா, மெமரி கார்டு நெறஞ்சா பழச அழிச்சிட்டு தானா எழுதுமா, நெட்டு போனாலும் கார்டுல ஏறுமா, ஆள் வந்தா மட்டும் போன் அடிக்கிற மாதிரி வைக்க முடியுமா? இதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் அதற்குமேல் சாரைக் கேட்கவில்லை. ஆள் பட்டுப்புழு மாதிரி சுருண்டுவிட்டார் என்று சொன்னால் அது பொய். கடைசிவரை என்னைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற வேறு ஆளைப் பார்த்தேதான் விளக்கம் சொன்னார். ஆனால் சொன்னது எல்லாம் சரியாக இருந்தது.

தம்பி கொடுத்து அனுப்பிய டிரில்லை வைத்துத் தூணில் ஓட்டை போட்டு நானே மாட்டினேன். ஏணியைப் பிடித்தது கொழுந்தன். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கத்தில் படுத்தபடியே போனில் படத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கீழ... வலது பக்கம்... உன் வலதுடி, என் வலது இல்ல" என்று கத்திக்கொண்டிருந்தார். அடிபட்ட பிறகு அவர் அப்படிக் கத்தி நான் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

இனி ராத்திரிக் காவல் தன்னுடையது என்று சொல்லிவிட்டார். பகலில்தான் படுத்தே கிடக்கிறாரே, ராத்திரி விழித்திருந்தால் என்ன? போன் தலைமாட்டில் இருக்கும், அடித்தால் பார்ப்பார், ஆள் என்றால் என்னை எழுப்புவார், கொழுந்தனுக்குப் போன் போடுவார். நல்ல திட்டம். நான் வீட்டுக்குள் பாய் விரித்துப் படுத்தேன்.

தூங்கினேனா? எங்கே.

போன் சைரன் மாதிரி அலறியது. எழுந்து ஓடினால் மயில். எங்கள் பக்கம் மயிலுக்குப் பஞ்சமே இல்லை. கொஞ்சம் கண்ணசந்தால் மறுபடி அலறல். கேமராக் கண்ணாடிக்கு முன்னால் எட்டுக்கால் பூச்சி வலை கட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறது; படத்தில் யானை அளவு தெரிகிறது. பிறகு எங்கள் நாய். பிறகு தூரத்தில் போன பைக்கின் வெளிச்சம். கட்டிலில் படுத்த காலத்திலாவது நடுநடுவே தூங்கினேன்.

ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். வேப்பெண்ணெயில் துணியை முக்கிக் கேமராவைச் சுற்றித் துடைத்தால் பூச்சி வலை கட்டாது. பாதையை விட்டுவிட்டு, பட்டறையைச் சுற்றி மட்டும் பார்க்கும்படி போனில் கட்டம் போட்டேன். பைக் தொல்லை போனது. ஆளை மட்டும் பார், மற்றதை விடு என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதைப் போட்டதும் மயிலும் நாயும் போயின. இரண்டு மூன்று ராத்திரி நன்றாகவே இருந்தது. நான் எழுந்தபோது வெயில் வந்திருந்தது. வெட்கமாகக்கூட இருந்தது.

அப்புறம் சித்திரைக் காற்றும் மழையும் வந்தது. பட்டறை மேல் தார்ப்பாயைப் போட்டோம். தார்ப்பாயின் ஒரு முனை காற்றில் எழுந்து நிற்கும், குனியும், மறுபடி எழும். கேமரா அந்த முனையைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் போட்டு, ஆள் என்று சொல்லி அலறும். காற்று நிற்கும்வரை அலறல்.

வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னைய விட நல்லா எந்திரிச்சு நிக்குதுடி" என்றார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது சிரிப்பு வருகிற நிலைமை இல்லை. "அலாரத்த அமத்திப் போட்டுட்டு விடுங்க" என்றேன்.

"அமத்திப் போட்டா அப்புறம் எதுக்குக் கேமரா? நான் எதுக்கு?"

அந்த இரண்டாவது கேள்வி கேமராவைப் பற்றியது இல்லை. நான் திரும்பிப் படுத்தேன்.

அந்த நேரத்தில்தான் அரியலூரில் தம்பி மகளுக்குக் காதுகுத்து. அத்தை இல்லாமல் நடக்காது. போகவே மனசு இல்லை. வீட்டுக்காரருக்குச் சோறு கொழுந்தன் வீட்டிலிருந்து வரும், மாட்டையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடு செய்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னேன். "காலையில தார்ப்பாய உங்க தம்பிய தூக்கிவிடச் சொல்லுங்க. மழ ஈரம் உள்ள நின்னா அவிஞ்சு போயிடும்."

"எனக்குப் போய் நீ பட்டற சொல்லிக் குடுக்குற. போயிட்டு வா புள்ள. ரெண்டு நாளு தூங்கு."

தூங்கினேன். தம்பி வீட்டில் ஃபேனுக்கு அடியில் செத்த பிணம் மாதிரித் தூங்கினேன். தம்பி பெண்டாட்டி காபி கொண்டு வந்து எழுப்பிப் பார்த்து, பயந்துபோய், "அண்ணி, அண்ணி" என்று தோளைப் பிடித்து ஆட்டினாளாம். என் போனிலும் அதே படமும் அலாரமும் வரும்படி வைத்திருந்தேன்; ராத்திரி முழுக்க அது அடிக்கவே இல்லை. காதுகுத்துக்கு வந்த சனங்களிடம் போனைக் காட்டினேன். "பாருங்க, இதான் எங்க பட்டற. இங்க உக்காந்துகிட்டே பாக்கலாம்." தார்ப்பாய் சுற்றிலும் அடக்கமாகக் கட்டி, கல் வைத்து, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. ஒரு முனைகூட ஆடவில்லை. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லக்கா, நகைக்கடைதான்" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியில் மழை பெய்தது. அங்கேயும் பெய்கிறதென்று படத்தில் தெரிந்தது. தார்ப்பாய் மேல் தண்ணீர் வழிந்தது. நல்லவேளை மூடியிருக்கிறார் என்று நினைத்தேன்.

காலையிலும் மூடியே இருந்தது. அதைப் பார்த்தேன். மழை விடவில்லை போலிருக்கிறது என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். போன் போட்டால், "எல்லாம் நான் பாத்துக்குறேன், நீ விசேஷத்த பாரு" என்றார். தம்பி, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போக்கா, முகமே தெளிஞ்சிருக்கு" என்றான். இருந்தேன். மழை விட்டு வெயில் கொளுத்தியது. படத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அவர் சொன்னதை நம்பி விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது வண்டிப்பாதை திரும்புகிற இடத்திலேயே வாடை அடித்தது. அழுகின வெங்காய வாடையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பையைப் பாதையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். கயிற்றை அறுத்துத் தார்ப்பாயைத் தூக்கினால் சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. சோளத்தட்டை கறுத்திருந்தது. கையை உள்ளே விட்டால் சூடு. விரலெல்லாம் வழவழவென்று கூழ்.

வீட்டுக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்து நின்றார். அவருக்கும் வாடை வந்துதான் இருக்க வேண்டும். வெங்காயத்துக்கு நடுவிலேயே வாழ்கிறவர்களுக்கு அந்த வாடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் தெரியாது. அது உண்மைதான். ஆனாலும் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். இங்கே எழுத முடியாது.

அவர் சொன்னதை எழுதலாம். "காத்துக்கு அது ஆடாம இருக்கணும்னுதான் தம்பிய விட்டு இறுக்கிக் கட்டச் சொன்னேன். உன் போன்லயும் அடிக்கும்ல. அங்கயாவது நீ தூங்கணும்னு."

"காலையில தூக்கிவிட்டா என்ன?"

"கட்டுன ஆளையே தெனம் கூப்புட்டு அவுத்துவிடு, கட்டு, அவுத்துவிடுன்னு எப்படிச் சொல்றது? அவன் பொழப்பு இல்லையா? நானே அவுக்கலாம்னு கெளம்பி, வாசப்படியில குனிஞ்சு பாத்தேன். குனிய முடியல."

பிறகு கொழுந்தனிடம் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. "அண்ணன் நம்ம எல்லாருக்கும் பட்டற போடச் சொல்லிக் குடுத்த ஆளு அண்ணி. அவரு கட்டச் சொன்னாரு, கட்டுனேன். ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்." அவன்மேல் கோபப்படப் பார்த்தேன். வரவில்லை. எதுவும் வராத அளவுக்கு அலுத்துப்போயிருந்தேன்.

மறுநாள் பகல் முழுக்கப் பட்டறையைப் பிரித்து, கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் நானும் வெயிலில் உட்கார்ந்து பொறுக்கினோம். அமுக்கிப் பார்த்து நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். என் போன் அலறிக்கொண்டே இருந்தது. ஆள், ஆள், ஆள். கேமரா எங்கள் மூன்று பேர் மேலும் கட்டம் போட்டுக்கொண்டிருந்தது. இத்தனை நாளில் அது சரியாகச் சொன்னது அன்றைக்குத்தான். வீட்டுக்குள்ளிருந்து அவர் போனும் அதே மாதிரி அலறுவது கேட்டது. அவர் அதை நிறுத்தவில்லை. படத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் ஒருமுறை நிமிர்ந்து கேமராவைப் பார்த்தேன். திட்டலாம் என்றுதான் நிமிர்ந்தேன். அப்புறம் குனிந்துகொண்டேன்.

மாலையில் மிச்சம் தெரிந்தது. பாதிக்காட்டுக்குத்தான் காணும். அதற்குப் பட்டறை எதற்கு? அள்ளிக்கொண்டு வந்து வீட்டு ஹாலில் பரப்பினேன். ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, நடுவில் நடக்க மட்டும் வழி விட்டேன். ஒரு ஓரத்தில் என் பாய். வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தே நீளக் குச்சியால் எட்டுகிற தூரத்துக்குக் கிளறிவிடுவார். குனிய வேண்டியதில்லை, தூக்க வேண்டியதில்லை. காலையில் நான் எழுவதற்குள் தன் பக்கத்தை முடித்திருப்பார். "அந்த மூலையில ஒண்ணு வாட அடிக்குது, எடு" என்பார். எடுத்துப் பார்த்தால் இருக்கும்.

தூங்குகிறேன். கதவைச் சாத்தினால் விதை உள்ளே இருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறது, எவன் வந்து என்ன எடுக்கப் போகிறான்? ஆடியில் பாதிக்காடு வெங்காயம், மீதிக்கு மக்காச்சோளம் என்று முடிவு செய்தாகிவிட்டது. தலைமுடி, துணி, சோறு எல்லாம் வெங்காய வாடை. இருக்கட்டும்.

கேமரா தூணில் அப்படியே இருக்கிறது. நல்ல கேமரா, குறை சொல்லக் கூடாது. வெயில், மழை எல்லாம் தாங்கிவிட்டது. வெறும் கல்லையும் மூங்கிலையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

போன வாரம் கொழுந்தன் பெண்டாட்டி வந்தாள். அவர்கள் பட்டறையில் திருட்டுப் போனதுபோக மீதி இன்னும் இருக்கிறது. "அக்கா, அதக் கழட்டி எங்க பட்டறைக்கு மாட்டித் தாங்களேன். நீங்க மாட்டுனா சரியா இருக்கும்."

"தரேன். தார்ப்பாய தெனம் யாரு தூக்குவா?"

"அதுக்கும் கேமராவுக்கும் என்னக்கா?"

நான் ஹாலில் பரப்பிக் கிடந்த வெங்காயத்தைக் காட்டினேன். உள்ளே கட்டிலில் குச்சி சத்தம் நின்றது.

"நானே தூக்குறேன்க்கா" என்றாள்.

"அப்படின்னா ஏணியக் கொண்டாரச் சொல்லு உன் வீட்டுக்காரன" என்றேன்.